மலையிறங்கும் வண்டியின் மாஸ்டர் சிலிண்டர்

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் ஆகிய ஊர்களிலும், இடுக்கி எல்லையில் மறையூர், காந்தளூர், வட்டவடை, பூப்பாறை ஆகிய மலையூர்களிலும் வாழும் தமிழ் மக்களுக்குப் பழைய ஜீப்பு வண்டியைப்பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களில் வேலையாட்களைக் கொண்டு சேர்ப்பது அவ்வண்டியே. சூரியநெல்லியிலிருந்து கல் பெயர்ந்த பாதையில் கொழுக்குமலைக்கு ஏறுவதும், நெல்லியாம்பதியின் உட்புறத் தோட்டங்களுக்குச் செல்வதும் அதுவே. அது மலை ஏறும் திறத்தை வியந்து பேசாதவர் இல்லை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அது மலையை விட்டு இறங்கும் திறத்தைப்பற்றி. அதிலும் குறிப்பாக, ஓட்டுநரின் காலடியில், பலகைக்குக் கீழே, சேறும் நீரும் தெறிக்கும் இடத்தில் கண்மறைவாகக் கிடக்கும் ஒரு சிறு இரும்புக் குழாயைப்பற்றி. மாஸ்டர் சிலிண்டர் என்று பட்டறைகளில் வழங்குவது அதுதான்.

நாம் கலைப்பட்டம் பெற்று, மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி புரிந்து வருபவர். யந்திரங்களைப்பற்றி நாம் அறிந்தது பெரும்பாலும் காகிதத்தின் வாயிலாகவே. அத்தகைய நாம் இப்பொருளைப்பற்றிப் பேசத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

நம் மனைவியின் தமையனார் காந்தளூரில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறார். அவரிடம் ஒரு பழைய மகிந்திரா ஜீப்பு, பின்புறம் சரக்குத் தொட்டி பொருத்திய பிக்-அப் வண்டியாக இருக்கிறது. 1945-இல் வேறு பெயரில் தொடங்கி 1948-இல் இன்றைய பெயரைப் பெற்ற அந்த நிறுவனம், அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் பூட்டத் தொடங்கி, பின்னர் இங்கேயே செய்து, பல பதின்ம ஆண்டுகள் அதே உருவத்தில் விற்றுவந்தது. ஆகையால் இரண்டாம் உலகப் போர்க்காலத்து வண்டியின் பிரேக் அமைப்பு, சிற்சில மாறுதல்களோடு, இன்னமும் நம் மலைகளில் உயிரோடு உலவுகிறது எனலாம்.

சென்ற ஐப்பசி மாதத்து மழையில், மைத்துனர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, இரண்டு வேலையாட்களையும் பின்னால் அமர்த்திக்கொண்டு, உடுமலைப்பேட்டைச் சந்தைக்குப் புறப்பட்டார். காந்தளூர் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ளது. அங்கிருந்து மறையூர் இறங்கி, சின்னாற்று வனத்தின் ஊடே உடுமலை சமவெளிக்கு வரவேண்டும். மறையூருக்குக் கீழே ஒரு திருப்பத்தில் பிரேக்கை மிதித்தபோது, மிதி எதிர்ப்பே இல்லாமல் பலகைவரை போய்விட்டது. மீண்டும் இருமுறை மிதித்துப் பார்த்தார். மூன்றாம் முறை சிறிது பிடித்து, மறுபடி அமிழ்ந்தது. நல்லவேளையாக வண்டி இரண்டாம் கியரில் இருந்தது. கைப்பிரேக்கை இழுத்து, மலைச்சரிவுப் பக்கமாக ஒடித்து, மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினார். வேலையாட்களில் ஒருவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவே. எதிர்ப்பக்கம் பள்ளம்.

அன்றிரவு தொலைபேசியில் அவர் சொன்னது இது: “மாப்பிள்ளை, ஒரு மாஸ்டர் சிலிண்டர் வாங்கி அனுப்புங்கள். கோயம்புத்தூரில் கிடைக்கும். வெள்ளிக்கிழமைக்குள் மாட்டியாக வேண்டும்; சனிக்கிழமை சரக்கு இறக்கவேண்டும்.”

ஒரு மாஸ்டர் சிலிண்டர் வாங்குவது வெங்காயம் வாங்குவதைப்போல எளிது என்றே நாமும் அப்போது நினைத்தோம். 

கோவை உக்கடத்தில் பழைய உதிரிப்பொருள் விற்கும் கடைகளுள் ஒன்றில் போய் நின்றோம். கடைக்காரர் மேசைமேல் நான்கு சிலிண்டர்களை வரிசையாக வைத்தார். நான்கும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. “உங்க வண்டிக்கு எந்த போர் சார்?” என்று அவர் கேட்டார். நாம் விழித்தோம். போர் என்பது சண்டையன்று. உருளையின் உட்குழிவின் விட்டம். அக்கேள்விக்கு விடை தெரியாமல் வாங்குபவன், அளவு தெரியாமல் செருப்பு வாங்குபவனைவிட மோசமான நிலையில் இருக்கிறான்.

இதற்கு அடிப்படையாக உள்ள விதி மிகப் பழையது. மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மேல் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அது எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கூறினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1663-இல், அந்நூல் அச்சேறியது. அவ்விதியை மோட்டார் வண்டியின் சக்கரத்திற்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கராகிய மால்கம் லாக்ஹீட் என்பவர். 1921-இல் டியூசன்பெர்க் என்னும் கார் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்குடன் வெளிவந்தது. அவ்வகை பிரேக்கில், காலின் விசை கம்பியாலும் சங்கிலியாலும் அல்லாமல் ஒரு திரவத்தின் வாயிலாகவே சக்கரத்தைச் சென்றடைகிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஓட்டுநர் 50 பவுண்டு விசையுடன் மிதிக்கிறார் என்க. மிதியின் நெம்புகோல் அதை ஆறு மடங்காக்குமாயின், சிலிண்டரின் பிஸ்டன்மேல் 300 பவுண்டு விழும். உட்குழிவு 1 அங்குலமானால் அதன் பரப்பு சதுர அங்குலத்தில் 0.785, ஆகவே திரவத்தின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 382 பவுண்டு. அதே காலுக்கு முக்கால் அங்குலச் சிலிண்டரைக் கொடுத்தால் அழுத்தம் 679 பவுண்டாக உயர்கிறது. அப்படியானால் சிறியதே சிறந்தது என்று தோன்றும். தோன்றவேண்டியதுதான், நமக்கும் தோன்றிற்று. ஆனால் சிறிய உருளை ஒரு முறைக்குத் தள்ளும் திரவமும் குறைவு. 1 அங்குலச் சிலிண்டரின் பிஸ்டன் ஓர் அங்குலம் நகர்ந்து அனுப்பும் திரவத்தை, முக்கால் அங்குலச் சிலிண்டர் அனுப்பவேண்டுமானால் அதன் பிஸ்டன் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குமேல் நகரவேண்டும். நான்கு சக்கரங்களிலும் டிரம்மும் கட்டைகளும் உள்ள பழைய வண்டியில், கட்டை சிறிது தேய்ந்தாலே, திரவம் போதுமுன் மிதி பலகையைத் தொட்டுவிடும். பெரிய உருளையோ இதற்கு நேர்மாறு. ஒன்றேகால் அரைக்கால் என்று போகவேண்டாம். 1 அங்குலத்திலிருந்து ஒன்றரைக்கால் அங்குலத்துக்குப் போனாலே அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மிதி கல்லைப்போல் இறுகியிருக்கும், “நல்ல பிரேக்” என்று மகிழ்வோம், வண்டி நில்லாது.

இதில் ஒரு கண்ணி உண்டு. பின்னாளில் வந்த வண்டிகளில் எஞ்சினின் வெற்றிட இழுப்பால் காலுக்குத் துணைசெய்யும் பூஸ்டர் அமைந்தது. அந்தத் துணை உண்டு என்ற நம்பிக்கையில் அவ்வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டரைப் பெரும்பாலும் பெரிய போரில் செய்தார்கள். பூஸ்டர் இல்லாத பழைய ஜீப்பில், துளைகள் பொருந்துகின்றன என்பதற்காக அதைக் கொண்டுவந்து மாட்டினால், காந்தளூர் இறக்கத்தில் இரு கால்களாலும் மிதிக்கவேண்டிவரும்.

கடைக்காரர் காட்டிய நான்கில் இரண்டு இவ்விதம் கழிந்தன. மூன்றாவது, முன்சக்கரத்தில் டிஸ்க் உள்ள வண்டிக்கு உரியது. டிரம் பிரேக்குக்கு உரிய மாஸ்டர் சிலிண்டரின் வாயில் ஒரு சிறு வால்வு இருக்கும். காலை எடுத்த பின்னும் குழாய்களில் சதுர அங்குலத்திற்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தை அது நிறுத்திவைக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷர்களின் விளிம்பு விரிந்தே இருந்து, காற்றை உள்ளே இழுக்காமல் இருப்பது இதனால்தான். டிஸ்க்குக்கு அவ்வளவு அழுத்தம் ஆகாது. கட்டை தட்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். எனவே டிஸ்க் வண்டியின் சிலிண்டரில் அந்த வால்வு பெரும்பாலும் இராது. வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்லமுடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

நான்காவது உண்மையிலேயே நம் வண்டிக்குரியது. 1 அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். பெட்டி பழுப்பேறியிருந்தது. பல ஆண்டுகள் அலமாரியில் இருந்த சரக்கு. “ஒரிஜினல் சார், இப்ப வராது,” என்று கடைக்காரர் பெருமையோடு சொன்னார். வார்ப்பு நன்றாகவே இருந்தது. விளக்கடித்துப் பார்த்ததில் உட்சுவர் கண்ணாடிபோல் பளபளத்தது. ஆயினும் இரும்புக்கு இல்லாத மூப்பு ரப்பருக்கு உண்டு. அலமாரியிலேயே அது இறுகிவிடும். இத்தகைய பழஞ்சரக்கை வாங்குபவர் புதிய வாஷர் கிட்டையும் சேர்த்தே வாங்கி, மாட்டுமுன் மாற்றிவிடவேண்டும். நாம் இரண்டையும் வாங்கினோம்.

குழாய் மரைகளைப்பற்றியும் ஒரு சொல். பழைய ஜீப்பின் குழாய் முனைகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. பின்னாளைய சிலிண்டர்கள் சில மில்லிமீட்டர் கணக்கில் அமைந்தவை. எட்டில் மூன்று அங்குல நட்டு 10 மில்லிமீட்டர் துளையில் ஏறுவதுபோலவே ஏறும். இரண்டுக்கும் விட்டத்தில் வேறுபாடு அரை மில்லிமீட்டருக்கும் குறைவே. கையால் திருகும்போது ஆடும். ஸ்பானரால் முறுக்கினால் பிடித்ததுபோல் இருக்கும். அழுத்தி மிதிக்கும் நாளில் பிடுங்கிக்கொள்ளும். ஆட்டம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடவேண்டும்.

சிலிண்டரோடு நாமே பேருந்தில் உடுமலைக்குச் சென்றோம். வண்டியைக் கயிறு கட்டி அங்கே ஒரு பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பட்டறைக்காரர் அறுபது வயது கடந்தவர். மலை வண்டிகளிலேயே ஆயுளைக் கழித்தவர். நாம் கொண்டுபோன பெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “ஏனுங்க சார், சிலிண்டர்தான் போச்சுன்னு யாரு சொன்னது?” என்றார். நியாயமான கேள்வி. வெளியே ஒழுக்கில்லாமல் மிதி மெல்ல அமிழ்ந்தால் மாஸ்டர் சிலிண்டரின் உள்வாஷர் திரவத்தைப் பின்னுக்கு விடுகிறது என்று ஐயுறலாம். ஆயினும் ஐயத்தைச் சோதிக்க வழியுண்டு. சிலிண்டரின் வாயிலிருந்து குழாயைக் கழற்றி, அங்கே மரையுள்ள அடைப்பு ஒன்றைப் பூட்டி மிதிக்கவேண்டும். மிதி இறுகி நின்றால் சிலிண்டர் நல்லது. பிழை சக்கரங்களிலோ குழாயிலோ ரப்பர் ஹோஸிலோ இருக்கிறது. அவர் அவ்வாறே செய்தார். மிதி அமிழ்ந்தது.

பிறகு அவர் செய்தது நமக்குப் புதுமை. சிலிண்டரின் மூடியைத் திறந்து, உள்ளிருந்த திரவத்தில் சிறிது எடுத்து, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டார். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது. சிலிண்டரைக் கழற்றிப் பிரித்தபோது வாஷர்கள் ஊறிய அப்பளம்போல் உப்பி, கொழகொழத்து, விளிம்பு மடங்கிக் கிடந்தன.

நேயர்களே, ஜீப்பின் பிரேக்கில் உள்ளது எண்ணெய் அன்று. கிளைக்கால் என்னும் வகையைச் சேர்ந்த திரவம் அது. நீருடன் கலந்துவிடும் இயல்புடையது. டம்ளரில் மிதந்ததோ கனிம எண்ணெய். பிரேக்கின் ரப்பர் கிளைக்காலைத் தாங்குமாறு செய்யப்பட்டது. கனிம எண்ணெய் பட்டால் உப்பிக் குழைந்துவிடும். விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. சில வாரங்களுக்கு முன் திரவம் குறைந்திருக்கக்கண்டு, வழியிலிருந்த ஒரு கடையில், “பிரேக் ஆயில் ஊற்று” என்று மைத்துனர் சொல்லியிருக்கிறார். கடைப்பையன் கையில் கிடைத்த ஸ்டியரிங் ஆயிலை ஊற்றியிருக்கிறான். பையன்மீது குற்றமில்லை. ஆயில் என்றார்கள், ஆயிலை ஊற்றினான்.

இங்கே நம் தொழிலைப்பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வாகனப் பராமரிப்புக் குறிப்பு ஒன்றை நாம் தமிழாக்கினோம். மூலத்தில் திரவம் என்று பொருள்படும் சொல்லே இருந்தது. “பிரேக் திரவம்” என்றால் மக்களுக்கு விளங்காது என்று கருதி, “பிரேக் எண்ணெய்” என்று எழுதிவிட்டோம். எளிமை கருதிச் செய்தது. எவரும் குறைகூறவில்லை, நாமும் மறந்துவிட்டோம். உடுமலைப் பட்டறையில் அந்த டம்ளரைப் பார்த்தபோது அச்சொல் நினைவுக்கு வந்தது.

எண்ணெய் கலந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, ஒரு மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவது போதாது. குழாய் முழுவதிலும் அந்த எண்ணெய் பரவியிருக்கும். புதிய சிலிண்டரின் ரப்பரையும் சில நாட்களில் உப்பவைத்துவிடும். நான்கு வீல் சிலிண்டர்களின் வாஷர்கள், மூன்று ரப்பர் ஹோஸ்கள் யாவும் மாற்றப்படவேண்டும். இரும்புக் குழாய்களைக் கழுவி உலர்த்தவேண்டும். பட்டறைக்காரர் இரண்டு நாள் கேட்டார்.

மைத்துனர் முகம் சுருங்கிற்று. “மாப்பிள்ளை, மாஸ்டரை மட்டும் மாட்டி இந்தச் சனிக்கிழமை ஓட்டிவிடலாம். மற்றதை அடுத்த வாரம் பார்க்கலாம். பூண்டு காத்திருக்காது,” என்றார். அவர் நிலையில் அவர் சொன்னதில் தவறில்லை. ஒரு சந்தை தவறினால் அவருக்கு நேரும் நட்டத்தை மாதச் சம்பளக்காரர் உணரமாட்டார். நாம் மறுத்துப் பேசவில்லை. பின்னால் அமர்ந்து வந்த அந்த இரண்டு ஆட்களும் சனிக்கிழமை வருகிறார்களா என்று மட்டும் கேட்டோம். அவர் விடை சொல்லாமல் வெளியே போய், சற்று நேரம் கழித்து வந்து, “எல்லாம் மாற்றுங்கள், சரக்குக்கு வாடகை வண்டி பார்க்கிறேன்,” என்று பட்டறைக்காரரிடம் சொன்னார்.

பழைய சிலிண்டரையே செப்பனிட்டால் என்ன என்ற பேச்சும் எழுந்தது. உட்சுவரில் துருப்பிடித்துப் பள்ளங்கள் விழுந்திருந்தன. பள்ளம் போகுமட்டும் தேய்த்தால் போர் பெரிதாகி வாஷர் அடைக்காது. துளைத்து உள்ளே எவர்சில்வர் அல்லது பித்தளைக் குழல் இறக்கும் முறை உண்டு. நல்ல லேத்துக்காரர் கையில் அது நீடித்து உழைக்கும். ஆனால் அக்குழலில் ஒரு நுண்துளை, ஊசி நுழையும் அளவில், முன்பிருந்த இடத்திலேயே பிசிறில்லாமல் போடப்படவேண்டும். காலை எடுத்ததும் திரவம் தொட்டிக்குத் திரும்புவது அத்துளை வழியாகத்தான். அது அடைபட்டால் பிரேக் தானாகவே இறுகிச் சூடேறும். மிதிக்கு அரை அங்குலம் வெற்று ஆட்டம் விடவேண்டும் என்று பழைய ஜீப்பின் கையேட்டில் சொல்லியிருப்பதும் இந்தத் துளை திறந்திருக்கவேண்டும் என்பதற்காகவே. புதியது கையில் இருந்ததால் குழல் இறக்கும் வேலையை விட்டுவிட்டோம். பழையதை அவர் ஒரு சாக்கில் சுற்றி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இரட்டை அறைச் சிலிண்டர் மாட்டினால் என்ன என்று நாமே கேட்டோம். பழைய ஜீப்பில் ஒரே அறை. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களும் ஒருசேரக் கைவிடும். எஞ்சுவது கைப்பிரேக், அதுவும் பழைய அமைப்பில் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர்ப்பெட்டியின் பின்னுள்ள தண்டைப் பிடிப்பது. இரட்டை அறையில் முன்சக்கரங்களுக்கு ஒன்று, பின்சக்கரங்களுக்கு ஒன்று. ஒன்று போனாலும் மற்றது நிற்கும். அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டு முதல் கார்களுக்கு இப்பிரிவைச் சட்டமே கட்டாயமாக்கிற்று. மலையில் ஆள் ஏற்றும் வண்டிக்கு இதுவே தக்கது என்பது நம் கருத்து. ஆனால் அதற்குத் தனித் தாங்கி, புதுக் குழாய்கள், மிதியின் தண்டுநீளம் யாவும் அளந்து செய்யப்படவேண்டும். வண்டியின் பதிவு விவரங்களைத் தொடும் மாறுதலாயின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் குறுக்கே வரும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டறிவது நலம். இரண்டு நாளில் ஆகக்கூடிய காரியமன்று. அது தை மாதம் செய்வதென்றும், அதுவரை தொட்டியில் ஆள் ஏற்றுவதில்லை என்றும் முடிவாயிற்று.

புதிய சிலிண்டரை மேசைப்பிடியில் வைத்து, திரவம் நிரப்பி, பிஸ்டனைத் தள்ளிக் காற்றை வெளியேற்றிய பிறகே வண்டியில் பூட்டினார்கள். பின்னர் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏர் எடுத்தார்கள். ஊற்றியது டாட் 3 என்னும் வகை. அதன் கொதிநிலை புதிதாக உள்ளபோது 205 டிகிரி செல்சியசுக்குக் குறையாது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழகிய பிறகு 140 வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறித் திரவம் கொதித்தால், குழாயில் ஆவி நிறைந்து மிதி மீண்டும் வெறுமையாய்ப் போகும். ஆகையால் ஒழுக்கு இல்லாவிடினும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவம் முழுவதையும் மாற்றுமாறும், இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராமல் கியரிலே இறங்குமாறும் பட்டறைக்காரர் சொன்னார். மைத்துனர் இரண்டாவதைக் கேட்டுச் சிரித்தார். மலைக்காரருக்கு அது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஞாயிறு காலையில் வெற்று வண்டியை மறையூர்வரை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். மிதி பாதி வழியிலேயே உறுதியாக நின்றது. திரும்பி வந்ததும் பலகையிலுள்ள சிறு மூடியின்மேல் பெயிண்டால் ஓர் எச்சரிக்கை எழுதவேண்டும் என்று நாம் சொன்னோம். எழுதும் பொறுப்பும் நமக்கே வந்தது. “பிரேக் திரவம் மட்டும்” என்று தொடங்கினோம். பட்டறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “சார், திரவம்னா யாருக்குங்க தெரியும்? ஆயில்னே எழுதுங்க. கூடவே நம்பரைப் போடுங்க,” என்றார். சற்று யோசித்து, எழுதியதைத் துணியால் துடைத்துவிட்டு, இப்படி எழுதினோம்: “பிரேக் ஆயில், டாட் 3. வேறு எந்த ஆயிலும் ஊற்றாதே.” எழுத்து காயுமுன் மைத்துனர் அதன்மேல் காலை வைத்துவிட்டார், இரண்டாம் முறை எழுதவேண்டியதாயிற்று.